அச்சப்பத்தின் முக்கால் முழுக்கு

அந்தக் காலத்தில் வாய் என்பது மனிதருக்கும் காக்கைக்கும் மட்டும் வாய்த்ததாக இருக்கவில்லை. மாவு பேசும், இரும்பு பேசும், அடுப்பில் காயும் எண்ணெயும் பேசும். அடுக்களையில் சமைப்பவளுக்கு ஒரு நிமிஷம் நிம்மதி இருந்திருக்காது. இவற்றில் மாவுதான் மகா பயந்தாங்கொள்ளி. உரலில் இடிபட்டு, சல்லடையில் அலைபட்டு வந்த பிறவி. அதைக் குற்றம் சொல்லியும் பயனில்லை.

அப்போது கடலோர ஊர் ஒன்றில் முத்துப்பேச்சி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் சொரிமுத்து சங்கு குளிப்பவன். வருஷத்துக்கு ஒருமுறை கரைக்காற்று எழும் நாளில் அந்த ஊர் ஆண்கள் வள்ளமேறித் தூரத்துத் தீவுப்பக்கம் போவார்கள். போக வர நாற்பது நாள். வள்ளத்தில் அடுப்பு மூட்ட வழியில்லை. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் பலகாரம்தான் நாற்பது நாளும் சோறு.

முந்தின வருஷம் பேச்சி மாவை உருட்டி எண்ணெயில் பொரித்துக் கொடுத்தாள். மேலே பொன்னாகச் சிவந்திருந்தது. உள்ளே வேகவில்லை. ஆறாம் நாளே ஊசிப்போய் நூல்விட்டது. அதே வள்ளத்தில் போன அவள் தம்பி பசி பொறுக்காமல் அதைத் தின்றான். வயிற்றாலும் வாயாலும் போய்ப் போய், கரை திரும்பவில்லை. "உன் மேல தப்பில்ல" என்று ஊரே சொன்னது. ஊர் சொன்னால் ஆச்சா? உருட்டினது அவள் கை அல்லவா?

இந்த வருஷமும் காற்று திரும்பும் நாள் வந்துவிட்டது. பேச்சி விடியலிலிருந்து அடுப்படியில் கிடந்தாள். பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, கருப்பட்டிப் பாகு, எள் என்று எல்லாம் பக்குவமாகத்தான் இருந்தன. ஆனால் பொரித்த ஒவ்வொரு உருண்டையையும் பிட்டுப் பார்த்தால் நடுவில் ஈரம். கூடக் கொஞ்ச நேரம் விட்டால் மேல்தோல் கரிகிறது, நடுவில் அப்போதும் ஈரம். மாவில் இன்னும் நீரைவிட்டு இளக்கிப் பார்த்தாள். இப்போது உருட்டவே வரவில்லை; கரண்டியால் ஊற்ற வேண்டியதாயிற்று. ஊற்றினதும் எண்ணெயில் மிதந்ததே தவிர நடுவில் வேகவில்லை.

சொரிமுத்து வாசலில் வந்து நின்றான்.

"ஏளா, காத்து திரும்பிட்டு. பெட்டி கெட்டிட்டியா?"

"இன்னும் இல்ல. இந்த வருசம் போவாதியளேன்."

"போவாம என்னத்தத் திங்க?"

அவன் வள்ளத்துப் பாயை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனான்.

உப்பளத்தில் உப்புக் குவியல்மேல் முத்திரை குத்தும் இரும்பு அச்சு ஒன்று அந்த வீட்டில் இருந்தது. நீளக் காம்பு, நுனியில் பூ வரைந்தது மாதிரி வளையங்கள், வளையங்களுக்கு நடுவே வெறும் சந்து. மிதக்கும் மாவை அமுக்கிப் பிடித்தாவது வேகவைப்போம் என்று பேச்சி அந்த அச்சை எண்ணெய்க்குள் விட்டு அழுத்தினாள். அந்த நேரம் பார்த்துக் கரையில் ஆட்கள் கூவும் சத்தம் கேட்டது. வள்ளத்தைத் தள்ளுகிறார்களோ! பதறிப்போனவள், அச்சைத் தட்டில் வைப்பதாக நினைத்து மாவுச் சட்டியில் வைத்துவிட்டாள்.

"ஐயோ, சுடுதே!" என்று மாவு அலறி, அலறின வேகத்தில் அச்சையே பிடித்துக்கொண்டது.

"சுடுதுன்னு சொல்லிக்கிட்டே என்னையே பிடிக்கியே, கூறுகெட்ட மாவு!" என்றது அச்சு.

மாவை உதிர்ப்பதற்காகப் பேச்சி அச்சைத் திரும்பவும் எண்ணெயில் விட்டாள். சந்துகளுக்குள் எண்ணெய் புகுந்து குமிழியிட்டது. சற்றைக்கெல்லாம் பூ வடிவில் ஒரு பலகாரம் தானாகக் கழன்று மிதந்தது. எடுத்து ஒடித்தாள். படக்கென்று ஒடிந்தது. எங்கும் ஈரமில்லை. உள்ளே என்று ஒன்று இருந்தால்தானே வேகாமல் இருக்கும்!

பேச்சிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனால் ஆனந்தப்பட நேரமில்லை. அச்சை மாவுக்குள் தலைமுழுக அமிழ்த்தினாள். இந்தத் தடவை மாவுக்கு என்ன வரப்போகிறது என்று தெரியும். அது விறுவிறுவென்று ஏறி அச்சின் தலைக்கு மேலே போய்க் கட்டிக்கொண்டது. எண்ணெயில் விட்டும் கழலவில்லை.

"விட்டா முங்கிருவேன்!" என்றது மாவு.

"விடாட்டா கரிஞ்சிருவ!" என்றது அச்சு.

"ரெண்டு பேரும் சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க. எனக்குக் காத்திருக்கத் தெரியாது" என்றது எண்ணெய். சொன்னபடி காத்திருக்கவுமில்லை. மாவு கரியாகி அச்சோடு அப்பிக்கொண்டது. கத்தியால் சுரண்டி எடுத்தாள். அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி. மாவு குறைந்துகொண்டே வந்தது. புதிதாக இடிக்க அரிசியும் இல்லை, நேரமும் இல்லை.

அச்சுதான் வழி சொன்னது. "ஏட்டி பேச்சி, என் தலைய மூடாத. முக்கால் மட்டும் முக்கு. தலைக்கு மேல ஏறிக் கெட்டிக்கிட்டா அது எப்படிக் கழலும்?"

"முக்கால்தான் பிடிப்பா? விழுந்திர மாட்டேனா, அக்கா?" என்றது மாவு.

அக்கா என்றதும் பேச்சிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளை அப்படிக் கூப்பிட ஒருவன்தான் இருந்தான்.

"விழத்தான் செய்வ" என்றாள். பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "எனக்கும் பயந்தான். இந்தா பாரு, என் கை நிக்க மாட்டேங்கு."

உண்மையிலேயே அவள் கை நடுங்கியது. அந்த நடுக்கத்தோடு அச்சை மாவில் முக்கால் முக்கி, அந்த நடுக்கத்தோடே எண்ணெயில் பிடித்தாள். கை நடுங்க அச்சு நடுங்கியது. அச்சு நடுங்க மாவின் பிடி ஓரத்தில் இளகியது, அப்புறம் நடுவில் இளகியது. ஒரு குலுக்கலில் பூ கழன்று எண்ணெயில் மிதந்தது.

"அட, முங்கலியே!" என்றது மாவு.

பிறகு அவள் நிறுத்தவில்லை. ஓலைப்பெட்டி நிறைந்ததும் தலையில் வைத்துக்கொண்டு ஓடினாள். வள்ளம் இடுப்பளவு நீரில் நின்றது. பெட்டியை நீட்டினாள். சொரிமுத்து வாங்கிக்கொண்டான். என்ன பலகாரம் என்று கேட்கக்கூட நேரமில்லை.

நாற்பது நாள் போனது. நாற்பத்தொன்றாம் நாள் வள்ளம் வரவில்லை. நாற்பத்திரண்டாம் நாளும் வரவில்லை. பேச்சி பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் கரையில் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்து மூன்றாம் நாள் உச்சிவெயிலில் பாய் தெரிந்தது. இறங்கி வந்தவனிடம் சுகமா என்று கேட்கவில்லை.

"ஊசிப்போச்சா?" என்றாள்.

சொரிமுத்து பெட்டிக்குள் கைவிட்டுக் கடைசியாக மிச்சமிருந்த ஒன்றை எடுத்து நீட்டினான். அவள் கடித்தாள். போட்ட அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத எந்தம்பிக்குக் குடுக்கலியே" என்று அழுதாள். சொரிமுத்தும் பக்கத்தில் உட்கார்ந்தான். வேறென்ன செய்வான்?

அச்சில் சுடுவதால் அச்சப்பம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அச்சத்தில் சுட்டதால் அச்சப்பம் என்று மாவு சொல்லும். அதுதான் இப்போது வாய்திறப்பதில்லையே. ஆனால் ஒன்று. அன்று தொட்டுத்தான், எவ்வளவு கைதேர்ந்தவள் ஆனாலும் அச்சை மாவில் முக்காலுக்குமேல் முக்குவதில்லை. எண்ணெயில் விட்டபின் பேச்சியின் கை நடுங்கினதுபோல் அதை மெல்ல நடுக்கித்தான் பூவை வெளியே விடுகிறாள்.