மடத்து அம்மாவுக்குப் பயம் வந்த நாள்

ஆடிப் பதினெட்டுக்கு வேம்பன்துறையில் ஒரு வழக்கம். புதுசாகக் கல்யாணமானவர்கள், பத்திரமாக எடுத்து வைத்த கல்யாண மாலையை அன்றைக்குக் காவிரியில் விடுவார்கள். முதலில் ஊர் மடத்தை நடத்தும் துறவியான மடத்து அம்மா படியிறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று விளக்கு விடுவார். அவர் நின்ற இடத்தில் நின்றுதான் மற்றவர்களும் மாலை விட வேண்டும். கரையிலிருந்து வீசினால் மாலை ஒதுங்கிவிடும், ஒதுங்கினால் குடும்பத்துக்கு ஆகாதாம். யார் சொன்னது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது.

அந்த வருஷம் மேலே அணையைத் திறந்துவிட்டார்கள். ஆற்றுப் பக்கம் போகாதீர்கள் என்று முந்தின நாளே ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். நம்ம சனம் கேட்குமா? பட்டுப்புடவையும் தாம்பாளமுமாக மொத்த ஊரும் படித்துறையில் வந்து நின்றது.

எல்லோருக்கும் முன்னால் சடையப்பன் நின்றார். மடத்தின் பழைய சீடர், அம்மாவைவிட வயதில் மூத்தவர். அவர் மகள் செண்பகத்துக்குத் தையில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மாலை அவள் கையில் இருந்தது. பக்கத்திலேயே சம்பந்தி வீட்டார்.

ஆறு செம்மண் நிறத்தில் உறுமிக்கொண்டு போனது. வேரோடு ஒரு தென்னை உருண்டு போனதை எல்லோரும்தான் பார்த்தார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அம்மா விளக்கோடு இறங்கினார். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. அடுத்த படி கண்ணுக்கே தெரியவில்லை. அப்படியே நின்றுவிட்டார்.

"இறங்குங்கம்மா, நல்ல நேரம் போகுது" என்றார் சடையப்பன்.

அம்மா ஆற்றைப் பார்த்தார். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு கடைசியில் நின்றவருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்.

"எனக்குப் பயமா இருக்கு."

யாரோ சிரித்தார்கள். "சாமியாருக்கே பயமாம்ல!" என்றாள் சம்பந்தியம்மா. சடையப்பனுக்கு மானமே போயிற்று.

"என்னம்மா இது, விளையாடுறீங்களா? சம்பந்திக்காரங்க பாக்குறாங்க. நீங்க கால் வச்சாப் போதும், எம்பொண்ணு தைரியமா இறங்கிடுவா."

"என்னால முடியாது சடையப்பரே."

விளக்கை ஊதி அணைத்துவிட்டு அம்மா படியேறினார்.

"அப்ப நான் கூட்டிட்டுப் போறேன். வாம்மா செண்பகம்!" என்று சடையப்பன் தண்ணீரில் கால் வைத்தார். இழுப்பில் தடுமாறி, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகளை நோக்கி மறு கையை நீட்டினார். செண்பகம் ஒரு படி இறங்கினாள்.

மேலே ஏறி வந்த அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எனக்குத் துணைக்கு மடத்து வாசல் வரைக்கும் வர்றியா கண்ணு? கால் ரெண்டும் நடுங்குது."

அதுவரை வாயைத் திறக்காத பெண் பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"அப்பா, எனக்கும் பயமா இருக்குப்பா."

"எனக்கும்தான் மாமா. இத்தனை பேர் முன்னால எப்படிச் சொல்றதுன்னு நின்னேன்" என்றான் மாப்பிள்ளை.

அதற்கப்புறம் ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். முனகிக்கொண்டேதான் என்றாலும் கூட்டம் மேட்டில் இருந்த மடத்துக்கு ஏறியது. கடைசியாக ஏறியவர் சடையப்பன். அவர் மேட்டுக்கு வந்து சேர்வதற்குள் பின்னால் பெரிய சத்தம் கேட்டது. படித்துறையின் பக்கச் சுவர் கம்பியோடு பெயர்ந்து ஆற்றில் விழுந்தது. அவர் பிடித்துக்கொண்டு நின்ற கம்பி அதுதான்.

சம்பந்தியம்மா செண்பகத்தைத் தன் மடியோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"மாலை?" என்று சம்பந்தியம்மாதான் மெதுவாகக் கேட்டாள்.

"வெள்ளம் வடியட்டும். காவிரிக்கு என்ன அவசரம்?" என்றார் அம்மா.

சடையப்பன் அம்மாவிடம் வந்து உட்கார்ந்தார்.

"எங்களைக் கரையேத்தத்தானே அப்படிச் சொன்னீங்க? உங்களுக்காவது, பயமாவது!"

"இல்ல, நிஜமாத்தான் சொன்னேன்."

"தண்ணியைப் பார்த்தா?"

"தண்ணியைப் பார்த்தப்போ ஒண்ணும் தோணல. திரும்பினேன். உங்க பொண்ணு புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு, நான் அடுத்த அடி எங்க வைக்கிறேன்னு பார்த்துக்கிட்டு நின்னா. அப்பத்தான் பயந்தேன்."