அலமாரி நிறைய மருந்து

சிவசைலம் டாக்டருக்குக் கைராசி உண்டு என்று ஊரே சொல்லும். காய்ச்சலோடு வந்தவன் அவர் கையால் ஓர் ஊசி போட்டுக்கொண்டால் மறுநாள் வேலைக்குப் போய்விடுவான். ராசி கையில் இல்லை, முதுகுக்குப் பின்னால் இருக்கும் அலமாரியில் இருக்கிறது என்பது அவருக்கு மட்டும் தெரியும். மற்ற டாக்டர்கள் வேறு வழியில்லாதபோது தொடுகிற வீரியமான கிருமிக்கொல்லி மருந்தை அவர் எடுத்த எடுப்பிலேயே தொடுவார். சளிக்கும் அதுதான், வயிற்றுப்போக்குக்கும் அதுதான். காய்ச்சல் விட்டதும் ஜனங்கள் மீதி மாத்திரையை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு மறந்துபோவார்கள். அதுவும் அவருக்குத் தெரியும்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரு குரு இருந்தார். சொன்னால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள்.

அரசு மருத்துவமனையின் கிருமிப் பரிசோதனைக் கூடத்தில் ஜெபராணி என்று ஒரு டாக்டர். சிவசைலத்தைவிடப் பத்து வயதாவது இளையவர். கிளினிக் வைத்திருக்கிற டாக்டர்களுக்கென்று ஒரு முறை அவர் வகுப்பு எடுத்தார். வந்தவர்கள் எல்லாரும் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு நடையைக் கட்ட, சிவசைலம் மட்டும் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து கிளினிக் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் இருப்பார். ஜெபராணியும் காலை ஆராதனை முடிந்ததும் நேரே அங்கே வந்துவிடுவார். கிருமிக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை.

"டீச்சர், உங்க சீடன் வந்திருக்கேன்" என்பார் சிவசைலம். பாதி கேலி, பாதி நிஜம்.

கேள்வி கேட்டால் ஜெபராணி நேராகப் பதில் சொல்கிற ஆள் இல்லை. கிருமி வளர்க்கிற கண்ணாடித் தட்டு ஒன்றை எடுத்து நீட்டுவார். பார்த்துக்கொள்ள வேண்டியது நம் பாடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் நீட்டிய தட்டில் பூசணம் பிடித்திருந்தது.

"இதைத் தூக்கிப் போடலையா டீச்சர்?"

"பூசணத்தைச் சுத்திப் பாருங்க சார்."

தட்டு முழுக்கக் கிருமி புள்ளி புள்ளியாக வளர்ந்திருந்தது. பூசணத்தைச் சுற்றி மட்டும் துடைத்து விட்டதுபோல் வெறுமையாக இருந்தது.

"லண்டன்ல ஒருத்தர் லீவுக்குப் போயிட்டு வந்து இப்படித்தான் பாத்தாரு. குப்பைக்குப் போக வேண்டிய தட்டு. என்னன்னு பாப்போம்னு எடுத்து வச்சாரு. பெனிசிலின் அதுலருந்து வந்ததுதான்."

"அழுக்குல பொறந்த மருந்துன்னு சொல்லுங்க."

"பொறந்து பத்துப் பன்னெண்டு வருசம் பெருசா யாரும் கண்டுக்கல. அப்புறம் வேற சிலபேரு அதைப் பிரிச்செடுத்து ஒரு போலீஸ்காரருக்குப் போட்டாங்க. முகத்துல ஏதோ சின்னக் காயம். அது சீழ் வச்சு, பரவி, ஒரு கண்ணையே எடுத்தாச்சு. சாகக் கிடந்த ஆளு. மருந்து உள்ள போனதும் காய்ச்சல் இறங்கி, எந்திரிச்சு உக்காந்து சாப்பிட்டாரு."

"பொழச்சிக்கிட்டாரு."

"மருந்து தீந்துபோச்சு சார். உலகத்துலயே அவ்வளவுதான் இருந்துச்சு. அவரு மூத்திரத்துல கொஞ்சம் மருந்து வெளிய வரும்லா, அதைச் சொட்டு விடாம பிடிச்சு, சைக்கிள்ல வச்சு லேபுக்குக் கொண்டு போயி, மருந்தைப் பிரிச்செடுத்து அவருக்கே திரும்பப் போட்டாங்க. அதுவும் தீந்துச்சு. செத்துப்போனாரு."

சிவசைலத்துக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாகிவிட்டது.

"இன்னும் கொஞ்சம் மருந்து இருந்திருந்தா?"

"பொழச்சிருப்பாரு."

"நல்லவேளை, நமக்கு அந்தக் குறை இல்ல" என்றார் சிவசைலம்.

"பெனிசிலினைக் கண்டுபிடிச்சவரே பரிசு வாங்கப் போன இடத்துல ஒண்ணு சொன்னாரு சார். இந்த மருந்தை அரைகுறையா சாப்பிட்டா கிருமிக்குப் பழகிரும், அப்புறம் மருந்து கேக்காதுன்னு."

"அவரு நம்மூர்ல ஒரு கிளினிக் போட்டுப் பாத்திருக்கணும் டீச்சர். ஊசி போடாம அனுப்புனா நேரா எதுத்த கிளினிக்குக்குப் போயிருவாங்க. அங்க உள்ளவன் போட்டு விட்டிருவான்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஜெபராணி சிரிக்கவில்லை. தட்டை வாங்கி உள்ளே வைத்தார்.

அடுத்த மாதம் சிவசைலத்தின் மகள் கோமு தலைப்பிரசவத்துக்கு வந்தாள். ஒரே மகள். பெண் குழந்தை பிறந்தது. ஊரெல்லாம் லட்டு கொடுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த சில நாளில் கோமுவுக்குக் குளிர் தூக்கிப் போட்டுக் காய்ச்சல் வந்தது.

அவரே ஊசி போட்டார். அவள் தும்மினால்கூட அவர் போடுகிற அதே ஊசி. பள்ளிக்கூடத்தில் பரீட்சை என்றால் முந்தின நாளே தொண்டை கரகரக்கிறது என்று வந்து நிற்பாள், போட்டு அனுப்புவார். இந்த முறை காய்ச்சல் இறங்கவில்லை. இன்னொன்று போட்டார். மறுநாள் மகளுக்குப் பேச்சுக் குழறியதும் அரசு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிட்டு, அவளுடைய ரத்தத்தை அவரே கையில் எடுத்துக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்கு ஓடினார்.

"எந்த மருந்துக்குக் கேக்கும்னு சீக்கிரம் பாத்துச் சொல்லுங்க டீச்சர்."

"கிருமி வளந்து வரணும். ரெண்டு மூணு நாள் ஆகும் சார்." ஜெபராணி ரத்தத்தை வாங்கி வைத்தார். "அதுக்குள்ள நீங்க ஒண்ணு செய்யுங்க. உங்க கிளினிக்குக்குப் பின்னால சாக்கடை போகுதுல்லா. அந்தத் தண்ணி கொஞ்சம் எனக்கு வேணும்."

சிவசைலத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"எம் பொண்ணு அங்க கிடக்கா. நீங்க சாக்கடைத் தண்ணி கேக்கீங்க."

"ஆமா சார்."

வாய்க்கு வந்ததைத் திட்டிவிட்டுத்தான் போனார். ஆனாலும் சாயங்காலம் ஒரு சீசாவில் பிடித்துக்கொண்டு வந்தார். அந்த மருத்துவமனையில் வேறு யாரும் அவரிடம் எதையும் கேட்கவில்லை. எல்லாரும் அவரைத் தள்ளி நிற்கத்தான் சொன்னார்கள்.

உள்ளே இருந்த டாக்டர்கள் ஒன்று மாற்றி ஒன்றாக மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். எதுவுமே தட்டுப்பாடு இல்லை. போதாததற்கு அவரும் தன் அலமாரியில் இருந்ததையெல்லாம் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறக்கினார். நர்சுகள் வைக்க இடமில்லாமல் ஜன்னலில் அடுக்கினார்கள்.

ஜெபராணி கூப்பிட்டு அனுப்பியபோது மேசைமேல் இரண்டு தட்டுகள் இருந்தன. இரண்டிலும் கிருமியைப் பரப்பி, அதன்மேல் மருந்தில் தோய்த்த சின்னச் சின்ன வட்டக் காகிதங்களை வைத்திருந்தார். மருந்து வேலை செய்தால் காகிதத்தைச் சுற்றிக் கிருமி செத்து ஒரு வளையம் தெரியும். பல ஞாயிற்றுக்கிழமைகளில் சிவசைலம் பார்த்துப் பழகியதுதான்.

இரண்டு தட்டிலும் ஒரு காகிதத்தைச் சுற்றியும் வளையம் இல்லை. காகிதத்தின் விளிம்பு வரைக்கும் கிருமி செழிப்பாக ஏறி நின்றது.

"இதுல ஒண்ணு கோமு ரத்தத்துல வளந்தது" என்றார் ஜெபராணி. "எதுன்னு சொல்லுங்க."

சிவசைலம் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். கடைசியில் வலது கைப்பக்கம் இருந்ததைத் தொட்டார்.

"அது உங்க சாக்கடை சார்."

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"அப்ப எங்கிட்ட இருந்துதான் அவளுக்குப் போச்சா?"

"அதைத் தட்டு சொல்லாது. ஆஸ்பத்திரியில ஒட்டியிருக்கலாம், வீட்டுல ஒட்டியிருக்கலாம். எங்கிருந்துன்னு என்னால சொல்ல முடியாது."

"பின்ன எதுக்கு டீச்சர் என்னைச் சாக்கடைக்கு அனுப்புனீங்க?"

"அந்தப் போலீஸ்காரர் மூத்திரத்தைச் சொட்டு விடாம பிடிச்சு வச்சாங்கன்னு சொன்னேன்லா. உங்ககிட்ட ஊசி போட்டுக்கிட்டவங்க மூத்திரம் எங்க போச்சு சார்?"

சிவசைலம் வலது கைப்பக்கம் இருந்த தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மகள் கிடந்த இடத்துக்குப் போனார்.

அன்று சாயங்காலம் கோமு இறந்துபோனாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளினிக்கைத் திறந்தபோது வாசலில் வழக்கம்போல் கூட்டம். துக்கம் கேட்டார்கள், கேட்டுவிட்டு வரிசையில் உட்கார்ந்தார்கள். முதலில் வந்தவள் இடுப்பில் ஒரு பிள்ளையோடு வந்தாள். பிள்ளைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"எப்பவும் போடுத ஊசியே போட்டு விடுங்க டாக்டர். உங்க கைராசிக்குத்தான் அவ்வளவு தூரத்துலருந்து வாரேன்."

சிவசைலம் எழுந்து அலமாரியைத் திறந்தார். புதுச் சரக்கு வந்திருந்தது. கம்பவுண்டர் அழகாக அடுக்கி வைத்திருந்தான். கதவைப் பிடித்தபடி அவர் நின்றுகொண்டே இருந்தார். அந்தப் பெண்ணுக்குப் பயமாகிவிட்டது.

"டாக்டர்?"

"சாதாரணச் சளிதாம்மா. ஊசி வேண்டாம். தானா சரியாயிரும். மூச்சு வாங்குனாலோ பால் குடிக்கலன்னாலோ உடனே தூக்கிட்டு வா."

அவள் நம்ப முடியாமல் பார்த்தாள். பாவம், மகள் போனதிலிருந்து மனுசன் மனுசனாக இல்லை என்று வெளியே யாரிடமோ சொல்வது கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தார். அவள் தெருவைக் கடந்து எதிர்த்த கிளினிக்கின் படி ஏறினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் எழுந்து போனார்கள்.

சிவசைலம் அலமாரியைப் பூட்டினார். அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஆனாலும் பரிசோதனைக் கூடத்துக்குப் போனார்.

ஜெபராணி வேலையை நிறுத்திவிட்டுக் கையைக் கழுவினார். வழக்கம்போல் தட்டு எதையும் எடுக்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"பேத்தி எப்படி இருக்கா சார்?"

"இருக்கா. பால் பவுடர்தான்."

சிவசைலம் அலமாரிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"டீச்சர், ஒரு கேள்வி."

"கேளுங்க."

"அந்தப் போலீஸ்காரருக்கு மருந்து தீந்துபோச்சு, செத்தாரு. அது எனக்குப் புரியுது. எம் பொண்ணுக்கு அலமாரி நிறைய மருந்து இருந்துச்சு. அள்ளி அள்ளிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவ ஏன் செத்தா?"

ஜெபராணிக்குக் கண் கலங்கியது. குரல் மட்டும் மாறவில்லை.

"அலமாரியில இருந்தது வெறும் குப்பி சார். மருந்து தீந்து ரொம்ப நாளாச்சு."