கை நீட்டச் சொன்ன கொக்கு மாஸ்டர்

ஆற்றின் குறுக்கே விழுந்து கிடந்த மருதமரம்தான் அந்தக் காட்டுக்குப் பாலம். அதன் அடியில் ஒரு முதலை வாயைப் பிளந்து காத்திருந்தது. யாரும் தவறி விழுவதாக இல்லை. கடைசியில் அது கொக்கைக் கூப்பிட்டது.

"மந்தியோட குட்டி எனக்கு வேணும். அதை விழ வெச்சா, தினமும் உனக்கு மீன் பிடிச்சுத் தர்றேன்!"

மறுநாள் கொக்கு கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு பாலத்தின் முனையில் நின்றது.

"இன்றுமுதல் நான்தான் டிரில் மாஸ்டர்! சுமையோடு வருகிறவர்கள் கையை நேராக நீட்டிப் பிடித்துத்தான் பாலத்தைக் கடக்க வேண்டும். அப்போதுதான் தேகம் உறுதியாகும். முழங்கை மடங்கினால் மார்க் கிடையாது!"

மார்க் என்றதும் எல்லாருக்கும் பயம் வந்துவிட்டது. அது என்னவென்று ஒருவருக்கும் தெரியாது.

கரடி பலாப்பழத்தை நீட்டியது. முயல் முள்ளங்கியை நீட்டியது. ஆமையிடம் சுமையே இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கழுத்தை நீட்டியது. மந்தி என்ன செய்யும்? அத்திப்பழம் அக்கரையில்தான் இருக்கிறது. தான் பட்டினி கிடந்தால் குட்டிக்குப் பால் ஏது? குட்டியை இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்தபடி பாலத்தில் ஏறியது.

பாதி வழியில் கரடிக்குக் கை ஆடியது.

"மாஸ்டர்! மூணு மேடு இதை மார்போட அணைச்சுத் தூக்கிட்டு வந்தேன், ஒண்ணும் தெரியல. நீட்டினதும் பழத்துக்குள்ள யாரோ யானையை வெச்ச மாதிரி கனக்குதே!"

"உனக்குச் சதை போதாது! இன்னும் நீட்டு!"

மந்தியின் கையும் நடுங்கியது. கீழே முதலை வாயை இன்னும் கொஞ்சம் திறந்தது. மந்தி யோசித்தது. குட்டி அதே குட்டிதான். கையும் அதே கைதான். தள்ளிப் பிடித்ததால்தானே இத்தனை கனம்? சட்டென்று முழங்கையை மடக்கிக் குட்டியை மார்போடு சேர்த்துக்கொண்டது. நடுக்கம் நின்றுவிட்டது.

"தப்பு! தப்பு! மார்க் போச்சு!" என்று கொக்கு கத்தியது.

"மார்க்கை நீங்களே வெச்சுக்குங்க, மாஸ்டர்! எனக்கு என் பிள்ளை போதும்!" என்று சொல்லிக்கொண்டே மந்தி ஒரே ஓட்டமாக அக்கரை சேர்ந்தது.

கரடி பழத்தை மரத்தின்மேல் பொத்தென்று வைத்தது. "எங்கே, உங்க சதையைக் காட்டுங்க பார்ப்போம்!"

கொக்குக்கு ரோஷம் வந்துவிட்டது. முனையிலிருந்து விறுவிறுவென்று பாலத்தின் நடுவுக்கு வந்தது. அலகைப் பழத்தில் ஆழமாகக் குத்தி, அந்த நீளக் கழுத்தை ஆற்றுப் பக்கம் நீட்டியது. பழம் முதலில் போயிற்று. கழுத்து அதன் பின்னாலேயே போயிற்று. கால்கள் கடைசியாகப் போயின.

"வெறுங்கையோட வராம பழத்தோட வந்திருக்கீங்களே, மாஸ்டர்!" என்று சொல்லிவிட்டு முதலை வாயை மூடிக்கொண்டது.

சுமையை உடம்போடு ஒட்டிப் பிடிப்பவருக்கே கை துணை நிற்கும். தள்ளி நீட்டிப் பிடிப்பவரை, அவர் எத்தனை பெரிய பலசாலியானாலும், சுமையே இழுத்துக்கொண்டு போய்விடும்.