முதுகு காட்டி வைத்த விருந்து

ஆடும் பூனையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், கடலோரத் தோப்பூரில் இசக்கிமுத்து என்றொரு வள்ளக்காரன் இருந்தான். அவன் மனைவி உலகம்மை. புயல் ஓய்ந்த ஒரு காலையில் அவன் மீனுக்குப் பதிலாக ஒரு பானையைக் கொண்டுவந்தான். கடலில் மிதந்து வந்த பானை அது. உள்ளே வாலில்லாத, கொழுகொழுவென்ற ஒரு சின்ன உயிர் நடுங்கிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு கப்பல் உடைந்திருக்க வேண்டும்.

இன்று அதைக் கினிப்பன்றி என்கிறோம். அது கினி நாட்டிலிருந்தும் வரவில்லை, பன்றிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பெயர் வைத்த புண்ணியவானைத்தான் கேட்க வேண்டும்.

தோப்பூரில் ஒரு வழக்கம். விருந்தாளி சாப்பிட்டு எழும்வரை இலைக்கு எதிரே நின்று உபசரிக்க வேண்டும். முதுகு காட்டினால் 'வெளியே போ' என்று சொன்னதற்குச் சமம். கூடவே ஒரு பயமும் உண்டு. கடல் கொடுத்த உயிர் ஒரு வீட்டில் பட்டினியால் செத்தால், அந்த வீட்டு வள்ளத்தைக் கடல் திரும்பக் கரைக்கு விடாது என்பார்கள்.

உலகம்மை சும்மா இருப்பாளா? வந்த உயிரை நடுவீட்டில் இறக்கித் தலைவாழை இலை போட்டாள். சோறு, கருவாட்டுக் குழம்பு, கருப்பட்டி எல்லாம் வைத்தாள். புதுப்பெண்ணைப் பார்க்க வருவதுபோல ஊரே திரண்டு வந்தது. ஆளாளுக்குத் தூக்கிக் கொஞ்சினார்கள். ஆடு வாசலில் தலையை நீட்டி, "வெக்கப்படாம சாப்பிடுப்பா" என்றது. பூனை இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தது.

விருந்தாளி ஒரு பருக்கையைக்கூடத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. உலகம்மை இன்னும் கிட்டே உட்கார்ந்து இன்னும் கெஞ்சினாள். அது சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது. ரோமம் மங்கி, கண் உள்ளே போயிற்று. இசக்கிமுத்து கடலுக்குப் போகப் பயந்து கரையிலேயே கிடந்தான். வீட்டில் அரிசி தீர்ந்தது.

அடுத்த காலையில் அவன் துடுப்பை எடுத்தான்.

"போவாதீய! அது இன்னும் ஒரு வாய் திங்கல" என்று உலகம்மை அவன் கையைப் பிடித்தாள்.

"உலை கொதிக்கணும்லா? எத்தனை நாளைக்குளா கரையப் பாத்துக்கிட்டு இருக்க?" கையை விடுவித்துக்கொண்டு அவன் போய்விட்டான்.

அவள் உள்ளே ஓடி விருந்தாளி முன்னால் மண்டியிட்டாள். "ஏ ராசா, என் தாலி ஒன் வாயிலதான் இருக்கு. ஒனக்கு என்னதான் வேணும்? சொல்லேன்."

அது முதன்முறையாக வாய் திறந்தது. "எங்க மலையில எங்கள உத்துப் பாக்கறது கழுகு மட்டும்தான். இங்க எல்லாருமே என்னையே பாக்கீங்க. நான் எப்படித் தலையைக் குனிஞ்சு திங்க?"

உலகம்மைக்குத் தான் வாழவந்த நாள் நினைவுக்கு வந்தது. தெரியாத ஊர், தெரியாத முகங்கள். எல்லாரும் அவள் உண்பதையே பார்த்தார்கள். சோறு தொண்டையில் இறங்கவே இல்லை. யாராவது கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார்களா என்று அன்று எப்படி ஏங்கினாள்!

சட்டென்று எழுந்தாள். அன்றும் வேடிக்கை பார்க்க வந்து நின்ற கூட்டத்தை வெளியே அனுப்பினாள். பூனையைத் தூக்கி வெளியே விட்டுக் கதவைச் சாத்தினாள். விருந்தாளி மிதந்து வந்த பானையையே படுக்கவைத்து உள்ளே வைக்கோல் பரப்பினாள். "என்ன திம்பே?" என்று கேட்டாள்.

"புல்லு. என் பல்லு வளந்துக்கிட்டே இருக்கும், புல்ல மென்னாத்தான் தேயும்."

கிணற்றடி அருகம்புல்லைக் கை நிறையப் பிடுங்கி வந்தாள். பக்கத்தில் ஒரு துண்டு நெல்லிக்காயும் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீரும் வைத்தாள். பிறகு தோப்பூரில் யாரும் செய்யாத காரியத்தைச் செய்தாள். விருந்தாளிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

ஜன்னல் வழியே பக்கத்து வீட்டு மாடத்தி அலறினாள். "அடிப்பாவி! விருந்தாளிக்கு முதுகு காட்டுதியே, குடி கெட்டுப் போயிரும்ளா!"

உலகம்மை இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. திரும்பிப் பார்க்கத் துடித்த கழுத்தைப் பல்லைக் கடித்து அடக்கினாள். செத்துவிட்டதோ? கண்ணீர் வழிந்தது. அப்போதும் திரும்பவில்லை.

கறுக். கறுக் கறுக்.

வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கடைசிப் புல்லும் தீர்ந்தபின் பானைக்குள்ளிருந்து குரல் வந்தது. "இன்னும் வேணும். ஆனா வாறது நீயா பூனையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"புல்லச் சலசலன்னு ஆட்டிக்கிட்டே வாறேன்."

"அப்ப நான் கத்துதேன். கத்தினா நான் நல்லாருக்கேன்னு அர்த்தம்."

அவள் புல் பிடுங்கிக்கொண்டு நிமிர்ந்தபோது கடல் மாறியிருந்தது. காற்று ஏறி, அலை வீட்டளவு எழும்பி நின்றது. அலைக்கு அப்பால் இசக்கிமுத்துவின் வள்ளம் தத்தளித்தது. அந்த உயிர் செத்திருக்கும், கடல் தன்னை விடாது என்று எண்ணி அவன் துடுப்பைக் கீழே போட்டிருந்தான்.

உலகம்மை வீட்டுக்குள் ஓடிப் பானையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தாள். கையிலிருந்த புல்லை ஓங்கி ஆட்டினாள்.

பானை பேசாமல் இருந்தது. மறுபடி ஆட்டினாள்.

"வீக்! வீக்! வீக்!"

அத்தனை சின்ன உடம்பில் அத்தனை பெரிய குரல் எங்கே இருந்ததோ! அலை இரைச்சலைக் கிழித்துக்கொண்டு அது வள்ளத்துக்குப் போயிற்று. இசக்கிமுத்து தலை நிமிர்ந்தான்; கரையில் பானையும் கையுமாக உலகம்மை. அந்த உயிர் சாகவில்லை! துடுப்பை எடுத்தான். அலையோடு மல்லுக்கட்டி, நனைந்த கோழியாய்க் கரையில் வந்து விழுந்தான். விழுந்தவன் முதலில் பார்த்தது பானையைத்தான். உலகம்மை அவன் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள். "அத உத்துப் பாக்காதீய! திங்கட்டும்."

பிறகு ஆடு பேச்சை மறந்தது, பூனையும் மறந்தது. கினிப்பன்றியும் மறந்துதான் போயிற்று, அந்த ஒரு சொல்லைத் தவிர. புதுவீட்டுக்கு வந்த கினிப்பன்றி ஒளிய ஒரு மூலை தேடுவதும், நாம் முகம் திருப்பும்வரை பட்டினி கிடப்பதும், பழகியபின் புல் சலசலத்தாலே 'வீக்' என்று கத்தி வீட்டையே எழுப்புவதும் அன்றைக்குத் தொடங்கியதுதான். அது பசியில் கத்துகிறது என்று நாம் நினைக்கிறோம். வள்ளக்காரா, நான் நல்லாருக்கேன், நீ கரைக்கு வா என்றுதான் அது இன்றும் கூப்பிடுகிறது.