பல்லியின் இரண்டாம் வால்

அந்தக் காலத்தில் பல்லி, பூனை, பூச்சி எல்லாம் பேசின. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவற்றின் உடம்புக்குள் இருந்த உயிரணுக்களும் பேசின. தொல்லை அங்கேதான் தொடங்கியது.

ஒவ்வோர் அணுவின் கையிலும் ஓர் ஏட்டுச்சுவடி இருந்தது. தோல் செய்வது எப்படி, எலும்பு செய்வது எப்படி, கண் செய்வது எப்படி என்று முழு உடம்பும் அதில் எழுதியிருக்கும். எல்லோருக்கும் ஒரே சுவடி. எந்த ஏட்டைத் திறந்து வைத்திருக்கிறதோ, அந்த வேலையை அணு செய்யும். ஏட்டைப் புரட்டினால் வேலையும் மாறிவிடும். புரட்டக்கூடாது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஒரு நெல்கிடங்கின் சுவரில் வடிவு என்ற பல்லி இருந்தாள். ஒருநாள் காலையில் அவள் விழித்தபோது வலது உள்ளங்காலில் ஒரு கண் இருந்தது. அங்கிருந்த தோலணுவை விசாரித்தாள். சும்மா புரட்டிப் பார்த்ததாகவும், கண் வேலை பிடித்துப்போனதாகவும் அது சொன்னது.

“அந்தக் காலால்தான் நான் நடக்கிறேன்” என்றாள் வடிவு.

“இனிமேல் பார்த்து நடக்கலாமே அக்கா.”

மறுநாள் வயிற்றில் பாதி, பல்லாகிவிட்டிருந்தது. சுவரின் அடியில் கடுவன் பூனை ஒன்று அவள் எப்போது வழுக்கி விழுவாள் என்று அண்ணாந்து பார்த்தபடி படுத்திருந்தது. இதயத்தில் ஓர் அணு இப்படிச் சும்மா புரட்டிப் பார்த்தால் என்ன ஆகும் என்று நினைத்ததும், வடிவு நேரே இலந்தை மரத்து அரக்குப்பூச்சியிடம் போனாள்.

அரக்குப்பூச்சி முத்திரை வைப்பதில் கெட்டிக்காரர். அவரவர் வேலைக்குரிய ஏட்டைத் தவிர மற்றவற்றை அரக்கால் ஒட்டிவிடலாம் என்றார். ஆனால் ஒட்டினது ஒட்டினதுதான், தோல் சாகும்வரை தோல்தான் என்றும் எச்சரித்தார். வடிவு அதைத்தான் தான் கேட்பதாகச் சொன்னாள்.

ஒன்பது நாள் வேலை நடந்தது. வழிதவறியவர்களைப் பிடித்துப் பழைய ஏட்டுக்குத் திருப்பி, அதன்பின் முத்திரை வைத்தார் அரக்குப்பூச்சி. தோலணுக்கள் அழுதன. எலும்பணுக்கள் மட்டும், பிறவியிலேயே ஒழுங்குப் பைத்தியங்கள், தாமாகவே சுவடியை நீட்டி இன்னொரு பூச்சும் கேட்டு வாங்கிக்கொண்டன.

ஒரு மாதம் நிம்மதியாகப் போனது. பிறகு கடுவன் ஒரே தாவில் அவள் வாலைக் கவ்வியது. வடிவு இழுத்துக்கொண்டு ஓடினாள்; வால் பூனையின் வாயோடு போயிற்று. வாலில்லாமல் நிதானம் தவறியது. சுவரில் நாலடி ஏறினால் மூன்றடி சறுக்கியது. இன்னும் ஒருநாள் இப்படிப் போனால் பூனைக்குத் தாவ வேண்டிய அவசியம்கூட இராது.

அறுந்த இடத்து அணுக்களிடம் ஒரு வால் செய்யச் சொன்னாள்.

“நாங்கள் தோல் அக்கா” என்றன அவை. “நீங்கள்தானே ஒட்டச் சொன்னீர்கள்?”

திட்டுவதற்கு நேரமில்லை. மீண்டும் அரக்குப்பூச்சியிடம் ஓடினாள். அவர் முத்திரையை உடைக்க மறுத்துவிட்டார்.

“உடைத்தால் தான் யார் என்பதையே அது மறந்துவிடும் அம்மா. பச்சைக் குழந்தையாகிவிடும். எங்கே நிறுத்துவதென்று குழந்தைக்குத் தெரியாது. முதுகெல்லாம் கட்டியாக வளர்ந்து உங்களையே தின்றுவிடும். யாராவது பக்கத்திலேயே இருந்து சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.”

“யார் சொல்வது?”

“என்னைப் பார்க்காதீர்கள்” என்றார் அவர்.

உச்சிவெயிலில் கிடங்கின் கூரைத் தகரம் கொதித்துக்கொண்டிருந்தது. வடிவு தட்டுத்தடுமாறி மரக்கிளை வழியாக அதில் இறங்கி, அறுந்த இடத்தைத் தகரத்தில் அழுத்தினாள். அரக்கு இளகியது. தோலின் முத்திரை விட்டது, தசையின் முத்திரை விட்டது. எலும்பணுக்களின் இரட்டைப் பூச்சு மட்டும் அசையவில்லை. சூடோ முதுகு வழியாக இதயத்தை நோக்கி ஏறியது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் எலும்பும் கிடைக்கும். இதயமும் தன் வேலையை மறந்துவிடும். வடிவு உடம்பைப் பிடுங்கிக்கொண்டு நிழலுக்கு ஓடினாள்.

அதன்பின் அவளுக்கு ஓய்வே இல்லை. கூரையிடுக்கில் ஒண்டிக்கொண்டு, பிறந்த குழந்தைகளாகிவிட்ட அணுக்களுக்கு நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள். நீ தோல். நீ தசை. நீ அங்கேயே நில். ஒன்றுக்குச் சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்று, தான் காதாகலாமா என்று கேட்டது. முதல் நாள் விளக்கம் சொன்னாள். மூன்றாம் நாள் அதட்டினாள். ஆறாம் நாள் அலுத்துப்போய் ‘உச்’ என்று நாக்கை மட்டும் தட்டினாள். ஆச்சரியம், விளக்கத்தைவிட அது நன்றாக வேலை செய்தது. அணுக்கள் வாயை மூடிக்கொண்டு வால் வேலையைப் பார்த்தன.

வால் வளர்ந்தது. கட்டையாக, வேறொரு நிறத்தில், உள்ளே எலும்புக்குப் பதில் வெறும் குருத்தெலும்போடு. ஆனால் சுவர் ஏறப் போதுமானதாக இருந்தது. கடுவன் சில நாள் அண்ணாந்து பார்த்துவிட்டு வேறு இடம் தேடிக்கொண்டது.

அன்று முதல்தான் பல்லிக்கு அறுந்த வால் மறுபடி முளைக்கிறது, எலும்பு மட்டும் இல்லாமல். அது சுவரில் உட்கார்ந்து உச்சுக் கொட்டுவதும் அன்று முதல்தான். நாம் ஏதாவது சொல்லும்போது அந்தச் சத்தம் கேட்டால், பல்லியே சாட்சி சொல்லிவிட்டது, சொன்னது பலிக்கும் என்று மகிழ்ந்துபோகிறோம். பல்லி நம் பேச்சைக் கேட்கவே இல்லை. அதற்குத் தன் வாலை மேய்க்கவே பொழுது போதவில்லை.