ஒத்தச் செருப்பும் பல்செட்டும்

கண்ணை மூடுனாத்தான் கதை. சாயங்காலம் அஞ்சு மணி பஸ்ல உன்னைய ஏத்தி விடணும், நாளைக்குப் பள்ளிக்கூடம். அதுக்குள்ள ஒரு குட்டித் தூக்கம் போடு. மூடிட்டியா?

"ம், ஆச்சி."

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா. பேரு பகவதி. ஆளு இம்புட்டு, வாலு அம்புட்டு! லீவுக்கு ஆச்சி வீட்டுக்கு வந்தவ, நுங்கு தின்னா, வாய்க்கால்ல குதிச்சா, ஆச்சி சேலையப் புடிச்சுக்கிட்டே திரிஞ்சா. அப்புறம் லீவு முடிஞ்சுது. மூணு மணி பஸ்ஸை விட்டா அன்னைக்கு வேற பஸ் கிடையாது. அவளுக்கோ போக மனசே இல்ல. என்ன செஞ்சா தெரியுமா? ஒத்தச் செருப்பை எடுத்து அரிசிப் பானைக்குள்ள பொதைச்சுட்டா!

"ம்..."

என்ன, 'ம்' இழுக்குது? சரி கேளு. "செருப்பு இல்லாம எப்படிப் போவேன் ஆச்சி?"ன்னா. "என் செருப்பைப் போட்டுக்கோட்டி"ன்னு ஆச்சி தன்னோடதைக் கொடுத்துச்சு. டப்பக், டப்பக்!

அப்போ அவ துணிப்பையைக் கோழிக்கூட்டுல ஒளிச்சா. கோழி அதுமேல ஏறி உக்காந்துக்கிச்சு. கொக், கொக்! "கோழியே உடுத்திக்கட்டும். நீ போட்டிருக்கிறதோட கிளம்பு"ன்னுச்சு ஆச்சி.

மூணாவதா என்ன செஞ்சா? டம்ளர் தண்ணியில கிடந்த ஆச்சியோட பல்செட்டை எடுத்துப் பாவாடைக்குள்ள முடிஞ்சுக்கிட்டா! பல்லு இல்லாம ஆச்சி வாசப்படி தாண்டாதுல்ல?

"ஐயோ!"

ஆமா, ஐயோதான். ஆச்சி கட்டிலுக்கடியில தேடுச்சு, அடுப்படியில தேடுச்சு. கன்னம் ரெண்டும் உள்ள போயிருச்சு. வாயைச் சேலையால பொத்திக்கிட்டுத் தேடுச்சு, பூனை கூடப் பாத்துரக் கூடாதுன்னு. அதைப் பாத்ததும் பகவதி பாவாடை முடிச்சை அவுத்துட்டா.

"இந்தா ஆச்சி, உன் பல்லு. வா, போவோம்."

அப்புறம் ரெண்டு பேரும் ஓடுனாங்க. டப்பக், டப்பக்! பகவதிக்கு அழுகையில மூக்கு வேற ஒழுகுது. ஸ்டாப்புல ஒரு ஈ, காக்கா இல்ல. டீக்கடைக்காரர் சொன்னாரு, "பஸ்ஸு போயி அரை மணி நேரமாச்சே!"

"வீட்டுக் கடிகாரத்துல இன்னும் மூணு அடிக்கலையே?"ன்னு பகவதி ஆச்சியத் திரும்பிப் பாத்தா. ஆச்சிக்கு அத்தனை பல்லும் தெரியச் சிரிப்பு!

"நீ செருப்பைப் பொதைக்கும்போதே நான் கடிகார முள்ளைப் பின்னால திருப்பி வச்சுட்டேன்ட்டி. நாளைக்குப் போவோம், வா."

"ஆச்சி... அந்தப் பகவதி நீதானே?"

எனக்கென்ன தெரியும்? நம்ம அரிசிப் பானையில ஒரு ஒத்தச் செருப்பு கிடக்குல்ல, அதைக் கேளு.

என்ன, சத்தத்தையே காணோம்?

"ஆச்சி, நம்ம கடிகாரம் ஏன் டிக்டிக்னு சொல்லல?"

உஷ்ஷ்! அது உனக்கு முன்னாலயே தூங்கிருச்சு. கதையும் படுத்தாச்சு. நீயும் தூங்கு.