இரண்டு லேசரும் ஒரு குழலும்

"சிவப்பு வாங்கட்டுமா மேடம், பச்சை வாங்கட்டுமா?"

கேட்டவர் பல் டாக்டர் வள்ளியப்பன், வயது ஐம்பத்து நான்கு. பதில் சொல்ல வேண்டியவர் எஸ்தர், ரைபிள் கிளப்பின் பயிற்சியாளர். டாக்டரைவிட இருபது வயது இளையவர்.

எஸ்தர் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தகுதிப் போட்டி. டாக்டர் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவர். இந்த முறையும் தவறினால் துப்பாக்கியை விற்றுவிடுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தார். அதை நினைத்தாலே அவருக்கு அழுகை வரும்.

துப்பாக்கிமேல் புது ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, மாட்டியிருந்தார். அது பார்க்கும் இடத்தையே குழலும் பார்க்கிறதா என்று சுட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். கையில் இருந்ததோ எழுபது தோட்டா. போட்டிக்கே அறுபது போய்விடும்.

சுடாமலே சரிபார்க்க, குழல் முனையில் செருகும் லேசர் இருக்கிறது, சிவப்பிலும் பச்சையிலும் வரும் என்று யாரோ சொன்னார்கள். அன்றோடு டாக்டர் சுடுவதை நிறுத்திவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். மூன்று மாதம் படித்தார். படிக்கப் படிக்கக் குழம்பினார்.

"ரெண்டையும் இரவல் வாங்கிட்டு வந்திருக்கேன். நீங்களே சொல்லுங்க."

எஸ்தர் துப்பாக்கியை மணல் மூட்டைமேல் அசையாமல் வைத்தார். சிவப்பைச் செருகினார். எதிர்ச் சுவரில் புள்ளி விழுந்தது.

அதை எடுத்துவிட்டுப் பச்சையைச் செருகினார். புள்ளி நான்கு விரல் தள்ளி விழுந்தது.

"துப்பாக்கி நகர்ந்துச்சா சார்?"

"இல்லையே."

"இப்ப இதை அப்படியே திருகுங்க."

டாக்டர் குழலுக்குப் பக்கவாட்டில் நின்று பச்சையைத் திருகினார். சுவரில் புள்ளி நகர்ந்து ஒரு வட்டம் போட்டது. பிறகு சிவப்பைச் செருகித் திருகினார். அதுவும் வட்டம் போட்டது, கொஞ்சம் சிறிதாக.

"என்ன மேடம், ரெண்டும் ஊர் சுத்துது. நேரா உட்கார்ந்திருந்தா ஒரே இடத்துலதானே நிக்கணும்? இதுல எது சரி?"

"எதைத் திருகிப் பார்க்கலையோ, அது சரியாத்தான் இருக்கும்."

டாக்டருக்குத் தலை சுற்றியது.

"வெளியே போய்ப் பார்க்கலாமே" என்றார். சிவப்பு லேசர் செருகியபடியே துப்பாக்கியைக் கொண்டுபோய் ஐம்பது மீட்டர் மேடையில் வைத்தார். உச்சி வெயில். தூரத்து இலக்கு அட்டையில் புள்ளியைத் தேடினார். காணவில்லை.

"பச்சைன்னா வெயில்லேயும் தெரியும்னு போட்டிருந்தான். ஆனா பேட்டரி சீக்கிரம் தீருமாம். விலை கூடினதுல அந்தக் குறை இல்லையாம். ஆனா அதுக்கு..."

"சார்."

"...ஒருத்தர் நல்லா இருக்குன்னு எழுதியிருக்கார், இன்னொருத்தர் தண்டம்ங்கிறார். போதும் மேடம். பத்துத் தோட்டா போனா போகட்டும், சுட்டே பார்த்துடறேன்."

தோட்டாவை எடுத்தார். எஸ்தர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போல்ட்டைக் கழட்டுங்க. பின்பக்கமா குழலுக்குள்ள பாருங்க."

குழலின் பின்வாயை மூடியிருந்த போல்ட்டைக் கழற்றினார். பார்த்தார்.

"ஒரே இருட்டா இருக்கு."

"எதனால?"

டாக்டர் குழல் முனையைப் பார்த்தார். புள்ளி கண்ணுக்குத் தெரியாததால், லேசர் அங்கே இருப்பதையே மறந்திருந்தார். அடைத்த குழலில் சுட்டிருந்தால் குழலே வெடித்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். கையிலிருந்த தோட்டாவைப் பெட்டியிலேயே திரும்பப் போட்டார்.

நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவர். வெட்கமாக இருந்தது.

எஸ்தரே போய் லேசரை உருவினார்.

"இப்பப் பாருங்க."

டாக்டர் குனிந்தார். இருட்டு இருந்த இடத்தில் வட்டமாக வெளிச்சம். வட்டத்தின் ஓரத்தில் அட்டை தெரிந்தது. துப்பாக்கியை மணல் மூட்டையோடு அணுவணுவாக நகர்த்தினார். அட்டை மெல்ல மெல்ல நடுவுக்கு வந்தது.

"என்ன தெரியுது சார்?"

"டார்கெட் தெரியுது மேடம். நட்டநடுவுல."

"சிவப்பிலயா, பச்சையிலயா?"

 டாக்டர் குழலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கை மட்டும் மேலே போய், ஸ்கோப்பையும் அதே நடுவுக்குக் கொண்டுவரும் திருகைத் தேடியது.